சார்ட் பிளாட்டரில் ஜிபிஎஸ் காணாமல் போனால்: பினாங்கில் புதிதாகப் போட் எடுத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஐஸ் பெட்டி ஏற்றியாச்சு, இரை இறால் வாங்கியாச்சு, எஞ்சின் ஓடிச் சூடேறிக்கொண்டிருக்கிறது. பிளாட்டரை, அதாவது கடல் மேப்பில் படகின் இடத்தைக் காட்டும் திரையை, ஆன் செய்தால் மேப் வருகிறது, ஆழம் வருகிறது, ஆனால் படகுச் சின்னத்தின் மேல் ஒரு கேள்விக்குறி கண் சிமிட்டுகிறது. சில செட்டில் ‘லாஸ்ட் சாட்டலைட் ரிசெப்ஷன்’ என்று ஒரு பெட்டி வரும், சிலதில் ‘நோ ஃபிக்ஸ்’ என்று வரும், சிலது ஒன்றுமே சொல்லாமல் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே படகை நிறுத்தி வைத்திருக்கும். இந்தக் கடைசி ரகத்திடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: திரையைத் தட்டுவது, ஆஃப் செய்து ஆன் செய்வது, அப்புறம் கடைக்குப் போன் போட்டு ஆண்டெனா எவ்வளவு என்று கேட்பது. நானும் அதைத்தான் செய்தேன். புது ஆண்டெனா வாங்கி, அரை நாள் வெயிலில் நின்று மாட்டி, ஆன் செய்தால் அதே கேள்விக்குறி. பழைய ஆண்டெனாவில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். கையில் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் நீங்களே பார்த்துவிடக்கூடிய வேலைகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கடலில் இருக்கும்போது போனால்

வேகத்தைக் குறையுங்கள். ஆட்டோ பைலட் ஓடிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு வீலைக் கையில் பிடியுங்கள், ஏனென்றால் அது பிளாட்டரின் வழித்தடத்தைப் பின்பற்றும் நிலையில் இருந்தால் ஜிபிஎஸ் போனதும் என்ன செய்யும் என்பது செட்டுக்குச் செட் மாறும். நேரத்தையும் காம்பஸ் திசையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக நன்றாகத் தெரிந்த இடம், அங்கிருந்து எந்தத் திசை, எத்தனை நாட், எத்தனை நிமிடம், இவ்வளவு இருந்தால் எங்கே இருக்கிறோம் என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். 6 நாட் வேகத்தில் 10 நிமிடம் போனால் ஒரு நாட்டிகல் மைல்.

பினாங்கைச் சுற்றி இருப்பதில் நமக்கு ஒரு வசதி, கண்ணுக்கு அடையாளம் நிறைய. வடமேற்கு மூலையில் 1883இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் மலை உச்சியில் நிற்கிறது. தென்கிழக்கு முனையில் ரிமாவ் தீவு. கிழக்குப் பக்கம் இரண்டு பாலங்கள். பகலில் இவற்றில் இரண்டைக் காம்பஸில் பார்த்துக் காகித மேப்பில் கோடு போட்டால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் இரவில், மழையில், கடலில் நட்ட மீன்பிடிக் கெலோங் கம்புகளும் வலையும் நிறைந்த தென்பகுதியில் இருந்தால், கண்ணை நம்பி ஓட்டாதீர்கள். தண்ணீர் ஆழம் குறைவான இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் புதியவர்களுக்குத் தெரியாது. உங்கள் விஎச்எஃப் ரேடியோவில் சிவப்பு மூடிக்குள் ஒரு அவசரப் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போகும் செய்தியில் உங்கள் இடமும் சேர்ந்து போகும். பல படகில் அந்த இடம் பிளாட்டரின் ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் வருகிறது. அது செத்திருந்தால் பொத்தான் வேலை செய்யும், ஆனால் இடம் இல்லாத செய்தி போகும், அல்லது பழைய இடம் போகும். அதனால் உண்மையான ஆபத்து என்றால் சேனல் 16இல் வாயால் சொல்ல வேண்டும், கரையோரம் போன் லைன் இருந்தால் 999. போனில் ஜிபிஎஸ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். போன் லைன் இல்லாவிட்டாலும் அதன் ஜிபிஎஸ் ஓடும், மேப்பை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

இந்தப் போன் சோதனை பழுது பார்க்கவும் உதவும். திறந்த டெக்கில் நின்று பார்க்கும்போது போனுக்கு இடம் கிடைக்கிறது, பிளாட்டருக்குக் கிடைக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் படகில். இரண்டுக்குமே இல்லை என்றால் கம்பிகளை நோண்டாமல் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

ஜெட்டிக்கு வந்ததும் முதல் வேலை

எதையும் கழற்றாதீர்கள். பிளாட்டர் மெனுவில் சாட்டலைட் பக்கம் ஒன்று இருக்கும். கார்மினில் ஸ்கைவியூ மாதிரி ஒரு வட்டமும், பக்கத்தில் கம்பி கம்பியாகச் சிக்னல் அளவும் வரும், லோரன்ஸ், சிம்ராட், ரேமரின், ஃபுருனோ எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இது உண்டு. அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒப்பிட்டால்தான் எது உதவியது என்று தெரியும். ஞாபகத்தை நம்பிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

அந்தப் பக்கத்தில் என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை.

ஒரு சாட்டலைட்கூட இல்லை, பக்கமே வெறுமையாக இருக்கிறது என்றால் ஆண்டெனாவிலிருந்து எதுவுமே வரவில்லை. கரண்ட், கேபிள், நெட்வொர்க், இல்லாவிட்டால் செட்டிங்கில் மூலம் மாறியிருக்கிறது. சாட்டலைட் எண்கள் இருக்கின்றன, ஆனால் கம்பிகள் குட்டையாகத் தள்ளாடுகின்றன என்றால் ஆண்டெனா உயிரோடு இருக்கிறது, எதுவோ மறைக்கிறது அல்லது எதுவோ இரைச்சல் போடுகிறது. எண்ணில் காட்டும் செட்டாக இருந்தால் 40க்கு மேல் நல்ல சிக்னல், 30க்குக் கீழே சந்தேகம். கம்பிகள் உயரமாக இருக்கின்றன, ஆனால் இடம் வரவில்லை என்றால் செட் இன்னும் வானத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது, பொறுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, இடமும் வருகிறது, ஆனால் மேப்பில் படகு ரோட்டில் நிற்கிறது என்றால் அது வேறு கதை, கீழே இருக்கிறது.

கணக்குக்காக: முழு இடம் தெரிய 4 சாட்டலைட் வேண்டும், கடலில் உயரம் தெரிந்ததுதான் என்பதால் 3 இருந்தாலும் சமாளிக்கும் செட்டுகள் உண்டு. ஜிபிஎஸ் சாட்டலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் எவ்வளவு மெலிது என்றால், ஆண்டெனாவுக்கு உள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் நீண்ட கேபிள் வழியாகச் செட் வரை வந்து சேரும். கீழே வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இந்த மெலிவுதான்.

கம்பியைத் தொடும் முன் இன்னும் ஒரு நிமிடம்: செட் ‘சிமுலேட்டர்’ அல்லது ‘டெமோ’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்க ஆன் செய்துவிட்டு, படகில் வந்து மாட்டியபின் ஜிபிஎஸ் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் நான்.

கரண்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பிளாட்டரின் பின்னால் வரும் பிளக்கில் அளந்து பாருங்கள், பேட்டரியில் அல்ல. நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் சுற்றி இருக்கும். அங்கே 12.6, இங்கே 11.2 என்றால் நடுவில் ஃபியூஸ் ஹோல்டரோ கிரவுண்ட் முனையோ துரு ஏறியிருக்கிறது. எஞ்சின் சாவியைத் திருப்பும் நேரத்தில் யாரையாவது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பல செட்டுகள் ரீஸ்டார்ட் ஆகும், அல்லது திரை மட்டும் தப்பித்து ஜிபிஎஸ் பகுதி தொங்கிப்போகும். எஞ்சின் ஸ்டார்ட் செய்தபின் பிளாட்டரை ஆன் செய்வது என்ற பழக்கத்தாலேயே தீர்ந்துவிடும் ‘ஜிபிஎஸ் கோளாறுகள்’ உண்டு. ஆனால் அது தற்காலிகம், பேட்டரியைப் பாருங்கள்.

கேபிளும் கனெக்டரும்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் எதையும் விட்டுவைப்பதில்லை. நான் பார்த்தவரை வெளி ஆண்டெனா இருக்கும் படகுகளில் கோளாறு பெரும்பாலும் இரண்டு முனைகளில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கும்.

பிளாட்டரை முழுதாக ஆஃப் செய்யுங்கள், சுவிட்ச் பேனலிலும் ஆஃப். இது முக்கியம், ஏனென்றால் தனி கோஆக்ஸ் கேபிளில் (டிவி ஆண்டெனாக் கேபிள் மாதிரி) வரும் ஆண்டெனாவுக்கு அதே கேபிள் வழியாகத்தான் 3.3 அல்லது 5 வோல்ட் கரண்ட் போகிறது, கழற்றும்போது நடுக்கம்பி ஓரத்தில் பட்டால் செட்டுக்குள் ஷார்ட் ஆகலாம். கனெக்டரைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கனெக்டரின் நடுமுள் பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ மின்னும். என்னுடையதைக் கழற்றியபோது நடுமுள்ளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பொடி, கோவில் பித்தளை விளக்கில் துடைக்காமல் விட்ட மூலையில் ஏறுமே அதே பச்சை. விரலால் தொட்டால் ஈரம். கேபிளின் மேல்தோலை ஒரு அங்குலம் சீவிப் பார்த்தேன், உள்ளே வலைப்பின்னல் செம்பு கறுப்பாக இருந்தது. இன்னும் ஒரு அங்குலம், இன்னும் கறுப்பு. ஒரு சாண் வெட்டியபிறகுதான் செம்பு செம்பாகத் தெரிந்தது. தண்ணீர் கனெக்டர் வழியாக நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி கேபிளுக்குள் ஏறியிருக்கிறது.

இதுதான் அந்தப் புது ஆண்டெனா கதை. நான் ஆண்டெனாவை மாற்றினேன், கேபிளின் மேல்பாதியை மாற்றினேன், ஆனால் கன்சோலுக்குள் இருந்த இணைப்பை ‘அது உள்ளேதானே இருக்கிறது, நனையாது’ என்று தொடவே இல்லை. விற்ற கடைக்காரரும் கேட்கவில்லை. அவர் பெயர் வேண்டாம், நானும்தான் கேட்கவில்லை.

பச்சை லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டலாம். கறுப்பு உள்ளே போயிருந்தால் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட வேண்டும், அல்லது கேபிளையே மாற்ற வேண்டும். வெட்டும் முன் ஒரு எச்சரிக்கை, சில ஆண்டெனாக்களின் கேபிள் ஆண்டெனாவோடு சேர்த்தே வார்த்தது, பல கம்பிகள் இருக்கும், அதை வெட்டி ஒட்டுவது கோஆக்ஸ் மாதிரி இல்லை. மாட்டியபிறகு வெளியில் இருக்கும் இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள், கறுப்பு எலக்ட்ரிக் டேப் நம் வெயிலில் சில மாதத்தில் பிசின் மாதிரி உருகி வழிந்துவிடும். கேபிளைக் கனெக்டருக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழிந்து வரும் மழைத்தண்ணீர் தொங்கும் இடத்தில் சொட்டிவிடும், கனெக்டர் வரை போகாது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் ஒரு சோதனை. செட்டை ஆன் செய்து, பிளாட்டர் பக்கத்துச் சாக்கெட்டின் நடுத்துளையில் மேற்சொன்ன 3.3 அல்லது 5 வோல்ட் வருகிறதா என்று கவனமாகப் பாருங்கள். வருகிறது, ஆனால் கேபிளின் மறுமுனையில் இல்லை என்றால் கேபிள். சாக்கெட்டிலேயே இல்லை என்றால் செட். அந்த ஒரு அளவு தெரிந்தால் கடைக்காரரிடம் பேசும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேபிள் ஓடும் வழி முழுவதும் கையால் தடவிப் பாருங்கள். டி-டாப் கூரைக் குழாய் மடங்கும் இடம், கீல் போட்ட மூடி மூடுகிற இடம், திருகாணி குத்திய இடம். எலி கடித்த கேபிளும் பார்த்திருக்கிறேன், ஜெட்டியில் கட்டிய படகுக்கு எலி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கயிறு வழியாக நடந்து வரும்.

என்எம்இஏ 2000 நெட்வொர்க்கில் ஆண்டெனா இருந்தால்

புதிய படகுகளில் ஆண்டெனா நேரே பிளாட்டருக்கு வராது. டி வடிவ இணைப்புகள் வரிசையாகச் சேர்ந்த ஒரு முதுகெலும்புக் கேபிளில் எஞ்சின், ஆழமானி, ஜிபிஎஸ் எல்லாம் தொங்கும், இதைத்தான் என்எம்இஏ 2000 என்கிறார்கள். இதில் புதியவர்கள் தவறவிடுவது, இந்த நெட்வொர்க்குக்குத் தனிக் கரண்ட், தனி ஃபியூஸ், பல படகில் தனிச் சுவிட்ச்கூட உண்டு. பிளாட்டர் திரை பளிச்சென்று எரியும், நெட்வொர்க் செத்துக் கிடக்கும். ஜிபிஎஸ்ஸோடு எஞ்சின் தகவலும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் முதல் சந்தேகம் அந்த ஃபியூஸ்தான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் இரண்டு கடைசி முனைகளையும் பாருங்கள். அங்கே டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே 120 ஓம் ரெசிஸ்டர். நெட்வொர்க் கரண்டை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு டியில் வெள்ளை, நீலக் கம்பிகளின் முனைகளுக்கு இடையில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் போய்விட்டது அல்லது முதுகெலும்பு நடுவில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியையும் இணைக்கும் கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பழைய என்எம்இஏ 0183 என்றால் வெறும் கம்பிகள்தான், தகவல் போகும் வேகம் வழக்கமாக 4800 பாட். இரு பக்கமும் அதே எண் இருக்கிறதா, அனுப்பும் கம்பி வாங்கும் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா, அவ்வளவுதான்.

அப்புறம், மெனுவில் ‘சோர்ஸ்’ என்ற பக்கம். பிளாட்டருக்குள் ஒரு ஜிபிஎஸ், வெளியில் ஒன்று, மற்ற படகுகளுக்கு நம் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் கருவிக்குள் ஒன்று என்று மூன்று இருக்கும் படகில் எதைக் கேட்பது என்று பிளாட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். அது செத்ததைத் தேர்ந்தெடுத்திருந்தால் மற்ற இரண்டும் நன்றாக இருந்தும் பயனில்லை. கையால் மாற்றிப் பாருங்கள். கன்சோலைத் திறக்கும் முன் இதைச் செய்வது நல்லது, நான் வரிசையில் பின்னால் எழுதிவிட்டேன்.

இரைச்சல் போடும் சாமான்கள்

போன வருஷம் கெண்டித் தீவுப் பக்கம் இரவு மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரிமாவ் விளக்கைத் தாண்டி இரண்டாம் பாலம் கண்ணுக்குத் தெரியும் நேரம். மச்சினன் பிளாட்டர் பக்கத்தில் நின்றான்.

“மாமா, மேப் நின்னுடுச்சு.”

“எதையாவது தொட்டியா?”

“நான் என்னத்த தொட்டேன், போனைத்தான் சார்ஜ்ல போட்டேன்.”

கன்சோல் சிகரெட் சாக்கெட்டில் நீல விளக்கோடு ஒரு யூஎஸ்பி சார்ஜர், பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. பிடுங்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மறுபடி சொருகச் சொன்னேன், மளமளவென்று விழுந்தன. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதே. அதற்குள் படகு எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜிபிஎஸ் வேலை செய்வது 1575.42 மெகாஹெர்ட்ஸில். மலிவான சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர், இன்வெர்ட்டர், கேமரா, இவற்றுக்குள் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் சர்க்யூட் இருக்கும், மறைப்பு சரியில்லாவிட்டால் அது எல்லாப் பக்கமும் இரைச்சலைத் தெளிக்கும். இது பினாங்குக் கதை மட்டுமல்ல. 2001இல் கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங் துறைமுகத்தில் படகுகளுக்கு ஜிபிஎஸ் கிடைக்காமல் போய், தேடிப் பார்த்ததில் அங்கே கட்டியிருந்த சில படகுகளின் டிவி ஆண்டெனா ஆம்ப்ளிஃபயர்கள்தான் காரணம் என்று தெரிந்தது. அதாவது உங்கள் படகில் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் பக்கத்துப் படகு தொல்லை கொடுக்கலாம். ஜெட்டியில் மட்டும் வராமல், வெளியே போனதும் வந்துவிடுகிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. சாட்டலைட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படகில் பிளாட்டரைத் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள், போன் சார்ஜர், ரேடியோ, பில்ஜ் பம்ப், லைவ் வெல் பம்ப், விளக்கு எல்லாம். ஐந்து நிமிடம் காத்திருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். கம்பிகள் விழும் இடத்தில் ஆள் பிடிபட்டுவிடுவான். விஎச்எஃப் மைக்கை அழுத்தியும் பாருங்கள், 25 வாட்டில் பேசும்போது மட்டும் ஜிபிஎஸ் விழுந்தால் இரண்டு ஆண்டெனாவும் ரொம்ப நெருக்கம். சாட்டலைட் போன் வைத்திருப்பவர்கள் அதையும் சந்தேகப்பட வேண்டும், இரிடியம் பேசுவது 1616 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்து வீடு மாதிரி.

ஆண்டெனா எங்கே இருக்கிறது

அதற்கு வானம் தெரிய வேண்டும், உயரம் தேவையில்லை. பாய்மரப் படகு வாங்கிய சிலர் கம்ப உச்சியில் மாட்டுகிறார்கள், படகு உருளும்போது அங்கே ஆண்டெனா பல மீட்டர் ஊசலாடும், செட் அதையும் படகின் ஓட்டம் என்று எண்ணி வேகத்தையும் திசையையும் குழப்பும். தாழ்வாக, திறந்த இடமே நல்லது. கான்வாஸும் ஃபைபர் கிளாஸும் சிக்னலைப் பெரிதாகத் தடுக்காது, அலுமினியக் கூரையும் கார்பன் ஃபைபரும் தடுக்கும். பிளாட்டருக்குள்ளேயே ஆண்டெனா இருக்கும் செட்டை அலுமினியக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு ஜிபிஎஸ் சரியில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை. விஎச்எஃப் ஆண்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ரேடார் இருந்தால் அது சுழன்று வீசும் மட்டத்துக்கு வெளியே.

இதுவரை நன்றாக வேலை செய்தது, திடீரென்று போனது என்றால் இடம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, யாராவது புதிதாக ஒரு சோலார் பேனலையோ தூண்டில் தாங்கியையோ அதன் தலைக்கு மேல் மாட்டாதவரை. பாலத்துக்குக் கீழே போகும்போது சில வினாடி விழுந்து எழுவது கோளாறே இல்லை.

ரீசெட், அப்டேட், தேதி

ரீசெட் செய்யும் முன் செட்டில் சேமித்து வைத்த உங்கள் இடப் புள்ளிகளை எஸ்டி கார்டில் ஏற்றுங்கள். இதைத் தனி வரியாக எழுத வேண்டிய காரணம் இருக்கிறது. தெரிந்த அண்ணன் ஒருவர், அவர் அப்பா காலத்திலிருந்து சேர்த்த உஞ்சாம் (மீன் கூடுவதற்காகக் கடலில் இறக்கி வைப்பது) இடங்கள், பாறைகள், எல்லாம் அந்த ஒரு செட்டில்தான் இருந்தன. ஜிபிஎஸ் வரவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஃபேக்டரி ரீசெட் அழுத்தினார். ஜிபிஎஸ் வந்தது. மேப் சுத்தமாக இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லாமல்.

ஜிபிஎஸ் பகுதியை மட்டும் ரீசெட் செய்யும் வழி பல செட்டில் தனியாக உண்டு, அதைத் தேடுங்கள். செய்தபிறகு படகைத் திறந்த வானத்தின் கீழே விட்டுவிட்டு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள், நிஜமாகவே சொல்கிறேன். சாட்டலைட் எது எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையை ஒரு சாட்டலைட்டிடமிருந்து இறக்க 12.5 நிமிடம் ஆகும். நீண்ட நாள் அணைத்து வைத்த செட்டுக்கும், வேறு நாட்டிலிருந்து வாங்கிக் கொண்டுவந்த செட்டுக்கும் இதே பொறுமை வேண்டும். நடுவில் ஆஃப் ஆன் செய்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பழைய செட் என்றால் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரைதான் எண்ணும், அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். செட்டில் தேதி இன்றிலிருந்து ஏறக்குறைய 19 வருஷம் 7 மாதம் பின்னால் நின்றால் இதுதான் காரணம். சிலது தேதியை மட்டும் தப்பாகச் சொல்லி இடத்தைச் சரியாகச் சொல்லும், சிலது இடத்தையே பிடிக்காது. கம்பெனி அப்டேட் விட்டிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செட்டுக்கு வெளியிலிருந்து புது ஜிபிஎஸ் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இடம் வருகிறது, ஆனால் தப்பாக

மெனுவில் டேட்டம் (மேப் எந்த அளவையில் வரைந்தது என்பது) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் பழைய மேப்புகள் கெர்த்தாவ் 1948 என்ற அளவையில் வரைந்தவை, இரண்டையும் கலந்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகரும்.

அதைவிட அடிக்கடி நடப்பது எண்ணை எழுதும் முறையில். நண்பர் வாட்சப்பில் ஒரு இடம் அனுப்புகிறார், 5 பாகை 15.50 நிமிடம். நீங்கள் அதை 15 நிமிடம் 50 வினாடி என்று தட்டிவிட்டால், ஒரு நிமிடம் 1852 மீட்டர் கணக்கில், 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நின்றுகொண்டு மீனும் இல்லை உஞ்சாமும் இல்லை என்று அவரைத் திட்டுவீர்கள். செட் எந்த முறையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள், பாகையும் தசம நிமிடமும்தான் கடலில் வழக்கம்.

போனுக்கும் இல்லை, பக்கத்துப் படகுக்கும் இல்லை என்றால்

கோளாறு வானத்திலோ யாரோ ஒருவர் கையிலோ இருக்கிறது. வேண்டுமென்றே ஜிபிஎஸ்ஸைக் குழப்புவது நடக்கிற விஷயம்தான், 2017 ஜூனில் கருங்கடலில் கப்பல்கள் தாங்கள் கரையில் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டிய செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நமக்குச் சொந்தமான தொல்லை வேறு. பூமியின் காந்தமையக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் சூரியன் அடைந்தபிறகு மேல்வளியில் மின்துகள் அடுக்கு குமிழ் குமிழாகக் கலங்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியன் உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் அதிகம். இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் சில சாட்டலைட்டுகளின் கம்பிகள் நடுங்கி விழுந்து, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இதற்கு ஸ்பேனர் எடுக்க வேண்டாம். செட்டில் மற்ற நாட்டுச் சாட்டலைட் அமைப்புகளான குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எதையாவது சேர்க்கும் வசதி இருந்தால் ஆன் செய்து வையுங்கள், எண்ணிக்கை கூடினால் சில விழுந்தாலும் மற்றவை தாங்கும்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். சீரியல் நம்பர், மென்பொருள் எண், அந்தச் சாட்டலைட் பக்கப் போட்டோக்கள், பிளக்கில் அளந்த வோல்ட், எதை மாற்றினீர்கள் என்ற பட்டியல், இவ்வளவும் கையில் இருக்கட்டும். புது ஆண்டெனா வாங்கச் சொன்னால், முதலில் கடையில் இருக்கும் ஒன்றை உங்கள் செட்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பழைய கேபிள் வழியாக அல்ல, நேராக.

என் பழைய ஆண்டெனாவை மச்சினன் அவன் படகில் மாட்டிக்கொண்டான். 11 சாட்டலைட் பிடிக்கிறது. சார்ஜரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறான்.